வில்லேஜருக்கு இடம் இருக்கு, வாலூயிஜிக்கு ஏன் இல்ல? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. "ப்ரோ, ஸ்மாஷ் ப்ரோஸ்ல மரம் நட்டுட்டு மீன் பிடிச்சுட்டு இருக்கற வில்லேஜரெல்லாம் ஃபைட்டர், ஆனா வாலூயிஜி மட்டும் அசிஸ்ட் ட்ரோஃபி, இது நியாயமா, அப்ப தகுதின்னா என்னதான்"னு கேட்டிருக்கீங்க. ஹா, கோவமா இருக்கீங்க போல. புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி: ஸ்மாஷ் ப்ரோஸ்ங்கறது வேற வேற கேம் ஆளுங்க வந்து அடிச்சுக்கற நின்டென்டோ ஃபைட்டிங் கேம், வில்லேஜர் அனிமல் க்ராஸிங்ங்கற கிராமத்து வாழ்க்கை கேம் ஆளு, வாலூயிஜி மரியோ கேம்கள்ல வர்றவன். ஃபைட்டர்னா நாம எடுத்து ஆடற ஆளு, அசிஸ்ட் ட்ரோஃபின்னா கொஞ்ச நேரம் வந்து உதவிட்டுப் போறவன்.

பாருங்க, தகுதின்னா எல்லாரும் ரெண்டு விஷயம்தான் சொல்வாங்க, ஒண்ணு எவ்ளோ ஃபேமஸ், இன்னொண்ணு எவ்ளோ பலசாலி. பலத்த முதல்ல தூக்கி ஓரமா வைங்க, அது கதைக்குள்ள இருக்கற பலம், பேலன்ஸ் பண்ணும்போது மலையப் பொளக்கறவனும் வக்கீலும் ஒரே தட்டுலதான் நிப்பாங்க. ஃபேமஸ் கதவத் திறந்துவிடும், ஒத்துக்கறேன். ஆனா நான் பாக்கறது வேற, கன்ட்ரோலர கையில எடுத்த ஒரு நிமிஷத்துல அந்த ஆளோட சொந்த கேம் ஞாபகம் வருதா இல்லையா.

வக்கீல்னு சொன்னேன்ல, அல்டிமேட் மார்வெல் வர்சஸ் காப்காம் 3ங்கற ஃபைட்டிங் கேம், 2011ல வந்துச்சு, அதுல கோர்ட் கேஸ் நடத்தற ஏஸ் அட்டர்னி கேமோட வக்கீல் ஃபீனிக்ஸ் ரைட் இருக்கான். சண்டைனா என்னன்னே தெரியாத மனுஷன். அவன வெச்சு என்ன பண்ணாங்கன்னா, எதிரி அடிச்சுட்டு இருக்கும்போது நீங்க எவிடன்ஸ் தேடணும், குப்ப எவிடன்ஸ் கிடைச்சா தூக்கிப் போட்டுட்டு மறுபடி தேடணும், நல்லதா மூணு சேர்ந்ததும் கோர்ட் மோடுக்கு மாறி அந்த "அப்ஜெக்‌ஷன்" போய் பட்டுச்சுன்னா டர்ன்அபவுட் மோடு, அதுவரைக்கும் அடி வாங்கிட்டு இருந்தவன் திடீர்னு மரண மாஸ். அவன் கேம்ல கேஸ் நடக்கறதும் அப்படித்தானே, கடைசி வரைக்கும் தோத்துட்டே இருந்து கடைசியில திருப்பறது! இத யோசிச்சவருக்கு ஒரு சல்யூட்.

வில்லேஜரும் இதே கதைதான். எதிரி எறியறத பாக்கெட்ல போட்டுட்டு திருப்பி எறிவான், விதை போட்டு, தண்ணி ஊத்தி, மரம் வளந்ததும் வெட்டி எதிரி மேலயே சாய்ப்பான். அனிமல் க்ராஸிங் ஆடினவங்களுக்கு சிரிப்பு வந்துரும். 2020ல மைன்க்ராஃப்ட் ஸ்டீவ் ஸ்மாஷுக்கு வந்தப்போ பிளாக் தோண்டறதும் வைக்கறதும் இல்லாம அவன் ஸ்டீவே இல்லங்கறதால எல்லா ஸ்டேஜையும் மாத்தி வேல பாக்க வேண்டி வந்துச்சுன்னு ஸ்மாஷ் டைரக்டர் சகுராயே சொன்னார். அவன் வெட்டற கோடாலி கூட தேஞ்சு உடையும்ங்க.

இந்த இடத்துல ஸ்மாஷ்ல இருக்கற இன்னொரு ஃபைட்டர் கேப்டன் ஃபால்கன இழுப்பீங்க, தெரியும். அவன் சொந்த கேம் 1990ல வந்த எஃப்-ஸீரோ ரேஸ் கேம், அதுல அவன் கார விட்டு இறங்கவே மாட்டான், ஃபால்கன் பஞ்ச்ங்கற அவனோட ஃபேமஸ் குத்து மொத்தமும் ஸ்மாஷுக்காக புதுசா பண்ணது. என் தியரிக்கு அங்க அடிதான், மறைக்கல. ஆனா அவனோட அந்த வேகம், அது ரேஸ்ல இருந்து வந்ததுன்னு நான் மனசத் தேத்திக்கறேன்.

அதே மாதிரி தெரிஞ்ச மூஞ்சியா கூட்டிட்டு வந்தா மட்டும் பத்தாது. சோல்காலிபர் 2ங்கற ஃபைட்டிங் கேம்ல, 2003ல கன்சோலுக்கு வந்தப்போ, கேம்க்யூப்ல செல்டா கேம் ஹீரோ லிங்க், பிஎஸ்2ல டெக்கன் கேம் ஹெய்ஹாச்சி, எக்ஸ்பாக்ஸ்ல காமிக்ஸ் ஹீரோ ஸ்பான்னு ஒவ்வொரு கன்சோலுக்கும் வெளியில இருந்து ஒரு கெஸ்ட். மூணு பேர்ல நிஜமான ஃபைட்டிங் கேம் ஆளு ஹெய்ஹாச்சிதான், ஆனா அது ஆயுத கேம்ங்கறதால கையில உறை மாட்டிவிட்டாங்க. லிங்க் கத்தி, பாம், பூமராங் எல்லாத்தோடயும் வந்து, என்னமோ அங்கயே பொறந்தவன் மாதிரி நின்னான்.

சரி வாலூயிஜிக்கு வரேன். 2000ல மரியோ டென்னிஸ்ல வாரியோவுக்கு ஜோடி வேணும்னு உண்டாக்கின ஆளு, சொந்தமா ஒரு கேம் கூட கிடையாது, எதத் திருப்பிக் காட்டறதுன்னு கேட்டா முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா யோசிங்க, டென்னிஸ், கால்ஃப், கார்ட், பார்ட்டின்னு எல்லா எடத்துலயும் எக்ஸ்ட்ரா ஆளா வந்து நின்னவன். அந்த டென்னிஸ் மட்டை, கால்ஃப் குச்சி, பார்ட்டி டைஸ் இத மட்டும் வெச்சே ஒரு முழு மூவ்செட், அதாவது ஒரு ஃபைட்டருக்கு வேண்டிய அடிகள் எல்லாமே, தேறும். அசிஸ்ட் ட்ரோஃபியா வரும்போது ஏற்கனவே டென்னிஸ் மட்டையால அடிக்கறான், பாதி வேல முடிஞ்சு போச்சு. அதனால உங்க கோவம் நியாயம்தான் ப்ரோ, ஆனா வில்லேஜர மட்டும் திட்டாதீங்க, அவன் என் மெயின், நான் எப்பவும் எடுத்து ஆடற ஆளு.