வான்போர்ப் படங்களும் ஒரு என்ஜினும்

நேயர்களுக்கு வணக்கம். வான்போர்ப் படம் ஒன்று வெளியானால், விமானத்துக்குப் பூசிய நிறம் தப்பு, வாலில் இருக்கும் குறி தப்பு என்று சண்டை தொடங்கிவிடும். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ‘டன்கிர்க்’ படத்தில் ஜெர்மன் விமானங்களின் மூக்கு மஞ்சளாக இருக்கும். அந்த வழக்கம், 1940-இல் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளை மீட்டதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் எது யாருடைய விமானம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே! போகட்டும்.

1940-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய வான்போரைப் பற்றி 1969-இல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்துக்கு வருவோம். அதில் ஜெர்மன் போர் விமானமான மெசர்ஷ்மிட் 109 ஆகப் பறந்தவை ஸ்பெயினில் கட்டப்பட்ட விமானங்கள். உடல் மெசர்ஷ்மிட்டுடையது, உள்ளே இருந்ததோ பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்ஜின். எதிரணியான பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்குப் பேர் வாங்கித் தந்த அதே என்ஜின்! மூக்கின் அடிப்பகுதி உப்பியிருப்பதைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். (1935-இல் முதல் மெசர்ஷ்மிட் 109 பறந்ததும் ரோல்ஸ்-ராய்ஸ் என்ஜினில்தான் என்பது வேறு கதை.)

என்ஜின் எதுவானால் என்ன என்று கேட்கலாம். 1940-இல் அது உயிர்ப் பிரச்சினை. மெர்லினில் எரிபொருளைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் இருந்தது. விமானி சட்டென்று மூக்கைக் கீழே தள்ளினால் எரிபொருள் ஓட்டம் தடுமாறி என்ஜின் திணறும். ஜெர்மன் என்ஜினில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் அமைப்பு. அதனால் பின்னால் ஸ்பிட்ஃபயர் வந்தால் ஜெர்மன் விமானி நேரே கீழே பாய்ந்து தப்பிவிடுவார். பிரிட்டிஷ் விமானி முதலில் விமானத்தைப் புரட்டிப்போட்டு, அப்புறம்தான் துரத்த முடியும். 1941-இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் துளையிட்ட சின்ன உலோகத் துண்டு ஒன்றைச் செய்து, இந்தக் கோளாறைப் பெருமளவு சமாளித்தார். முழுத் தீர்வு பிறகு வந்தது. இதைவிட நல்ல திரைக்கதை வேண்டுமா? நம் படங்களோ விமானத்தைத் தீப்பிடிக்க வைப்பதிலேயே குறியாக இருக்கின்றன.

சத்தத்திலும் ஒரு குளறுபடி உண்டு. ஜெர்மன் ஸ்டூகா குண்டுவீச்சு விமானத்தில், கீழிருப்பவர்களை மிரட்டுவதற்கென்றே சைரன் பொருத்தியிருந்தார்கள். சினிமாவில் எந்த நாட்டு விமானம் விழுந்தாலும் அந்த ஊளைதான்.

நான் மன்னிக்காத பிழை ஒன்றே ஒன்று: தீராத தோட்டா. 1940-இன் ஸ்பிட்ஃபயரில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா. விசையை விடாமல் அழுத்தினால் சுமார் 15 விநாடியில் எல்லாம் காலி. எப்போது சுடுவது, எவ்வளவு நெருங்குவது என்று அந்த விமானி போட்ட கணக்கெல்லாம் இதை வைத்துத்தான். திரையில் நாயகன் ஒரு நிமிடம் விடாமல் சுடும்போது அந்தக் கணக்கும் போய்விடுகிறது, பயமும் போய்விடுகிறது.

நன்றி, வணக்கம்.