ரோசா பார்க்ஸுக்கு அப்போது வயது 42

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். கறுப்பு வெள்ளைப் படம். பேருந்துக்குள் ஜன்னலோரம் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடி போட்டிருக்கிறார், முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின் இருக்கையில் ஒரு வெள்ளைக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லை. அந்தப் பெண் ரோசா பார்க்ஸ். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரத்தில், வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதானவர். இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பலரும் என்ன நினைக்கிறார்கள் என்றால், இதுதான் அந்த நாள், பின்னால் இருக்கிற ஆள்தான் அவரை எழுப்பப் பார்த்தவன் என்று. நானும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உண்மையில் அந்தப் பின்னிருக்கை ஆள் ஒரு நிருபர். பெயர் நிக்கோலஸ் கிரிஸ், யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். படம் எடுத்தது 1956 டிசம்பர் 21. ரோசா கைதானது அதற்கு ஒரு வருடத்துக்கும் முன்னால், 1955 டிசம்பர் 1. வழக்கு ஜெயித்து, மாண்ட்கோமரி பேருந்தில் யாரும் எங்கேயும் உட்காரலாம் என்று ஆன முதல் நாளில் செய்திக்காக எடுத்த படம் அது. அதே மாதிரி 7053 என்ற எண் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவருடைய காவல்நிலையப் படம், அதுவும் டிசம்பர் 1 அன்று எடுத்ததல்ல. ரோசா கைதானதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்கள், அந்தப் புறக்கணிப்பை நடத்தியவர்களை 1956 பிப்ரவரியில் மொத்தமாகக் கைது செய்தபோது எடுத்தது. இரண்டு படங்களும் உண்மையானவைதான். ஆனால் அவற்றை வைத்து நாம் சொல்லிக்கொள்கிற கதை வேறு.

நான் பல வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ரோசா பார்க்ஸ் பெயரைக் கேள்விப்பட்ட பிள்ளைகளிடம் எப்போதும் ஒன்று கேட்பேன், அன்றைக்கு அவருக்கு என்ன வயது இருக்கும்? அறுபது என்பார்கள், எழுபது என்பார்கள். போன வருடம் ஒரு பெண் எழுந்து, "பாட்டிதானே, கால் வலிச்சிருக்கும், அதான் எழுந்திருக்கலை" என்றாள். வயது 42. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும்.

இந்தக் கால்வலியை அவள் தானாகக் கற்பனை செய்யவில்லை. பத்திரிகை, தொலைக்காட்சி, குழந்தைகள் புத்தகம் என்று எங்கும் வந்த கதை அது. கடையில் தையல் வேலை பார்த்த அமைதியான ஒரு பெண்மணி, ஒருநாள் சாயங்காலம் களைத்துப்போய் வீடு திரும்பும்போது எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார், நாடே மாறிவிட்டது. அவர் தையல் வேலை பார்த்தது உண்மை. ஆனால் அன்றைக்குத் தனக்கு உடம்பு அசதியெல்லாம் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். களைப்பினால் நடந்தது என்று சொல்லிவிட்டால் எல்லாமே தற்செயலாகிவிடுகிறது பாருங்கள், அதற்கு முன்னால் யாரும் எதுவும் செய்திருக்கத் தேவையில்லை.

செய்திருந்தார். 1943லிருந்தே அவர் என்.ஏ.ஏ.சி.பி. என்கிற கறுப்பின உரிமைச் சங்கத்தின் மாண்ட்கோமரி கிளையில் செயலாளர். அடி வாங்கியவர்கள், மானபங்கப்படுத்தப்பட்டவர்கள், உறவைப் பறிகொடுத்தவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்பது அவர் வேலை. 1944இல் அபவில் என்ற ஊரில், தேவாலயத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்த ரெசி டெய்லர் என்ற இளம் தாயை வெள்ளை இளைஞர்கள் கூட்டமாகக் கடத்திப் பாலியல் வன்முறை செய்தபோது, விசாரிக்க அந்த ஊருக்கே போனவர் ரோசா பார்க்ஸ். யார்மேலும் குற்றம் சாட்ட ஜூரிகள் சம்மதிக்கவில்லை. அலபாமா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது 2011இல். பன்னிரண்டு வருடம் இதையெல்லாம் எழுதி எழுதிப் பார்த்த பிறகு ஒருவர் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார், அவரைப் போய்க் கால்வலிப் பாட்டி ஆக்கிவிட்டோமே என்று எனக்கு இப்போதும் ஆறவில்லை.

இன்னொரு விஷயம். ரோசா கைதான அதே 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் எமெட் டில் என்ற 14 வயதுப் பையனைக் கொன்று ஆற்றில் வீசினார்கள். அவன் சொந்த ஊரான சிகாகோவில் சவப்பெட்டியை மூடக் கூடாது, என் பிள்ளைக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று எல்லாரும் பார்க்கட்டும் என்று நின்றார் அவன் அம்மா. சிதைந்த அந்த முகத்தின் படத்தைக் கறுப்பினப் பத்திரிகையான ஜெட் வெளியிட்டது. கொன்றவர்கள் செப்டம்பரில் விடுதலையானார்கள். நவம்பர் 27 அன்று மாண்ட்கோமரியில் அந்தக் கொலையைப் பற்றி ஒரு கூட்டம், ரோசா அங்கே இருந்தார். நான்கே நாளில் டிசம்பர் 1. ஒரு கறுப்பின வாரப் பத்திரிகை துணிந்து போட்ட ஒரு படம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இங்கேதான் பார்க்க வேண்டும்.

உள்ளூர் வெள்ளைப் பத்திரிகையின் கதை விசித்திரமானது. ரோசா கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரிப் பேராசிரியை, திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதீர்கள் என்று நோட்டீஸ் எழுதி, கல்லூரியின் உருட்டச்சு எந்திரத்திலேயே விடிய விடியப் பல்லாயிரம் பிரதிகள் எடுத்தார். பெண்கள் அமைப்பு ஒன்று பல மாதங்களாகவே இதற்குத் தயாராக இருந்தது. அந்த நோட்டீஸ் போய்ச் சேராத வீடுகள் எத்தனையோ. இ. டி. நிக்சன் என்ற தலைவர், ரயிலில் போர்ட்டராக வேலை பார்த்தவர், மாண்ட்கோமரி அட்வர்டைசர் நாளிதழின் ஜோ அஸ்பெல்லிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் செய்தி வந்துவிட்டது. நகரத்தில் நடப்பதை வெள்ளை வாசகர்களுக்குச் சொல்கிற தோரணையில் எழுதிய செய்திதான், ஆனால் விஷயம் தெரியாமல் இருந்த கறுப்பினக் குடும்பங்கள் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டன. திங்கட்கிழமை காலையில் பேருந்துகள் காலியாக ஓடின, 381 நாள் அப்படியே ஓடின.

இதே பத்திரிகை 2018இல் தன் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, கும்பல் சேர்ந்து கறுப்பினத்தவரை அடித்துக் கொன்ற காலத்தில் தான் எழுதிய விதத்துக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. கென்டக்கியில் லெக்சிங்டன் நகரத்து நாளிதழ் 2004இல், உரிமைப் போராட்டச் செய்திகளைப் போடாமலே விட்டுவிட்டோம் என்று முதல் பக்கத்திலேயே வருத்தம் தெரிவித்தது. கேட்டது நல்லதுதான். ஆனால் அன்றைக்குப் போடாத செய்தியை அன்றைய வாசகருக்கு இனிமேல் யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

இப்போது நான் உண்மையில் பேச வந்த ஆளுக்கு வருகிறேன். கிளாடெட் கொல்வின். 1955 மார்ச் 2, அதாவது ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்னால், அதே ஊர், அதே மாதிரிப் பேருந்து, 15 வயது. அவள் படித்தது கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி. பிப்ரவரி முழுக்க அங்கே கறுப்பின வரலாறு நடத்தியிருக்கிறார்கள், அடிமைத்தனத்திலிருந்து தப்பி மற்றவர்களையும் தப்பவைத்த ஹாரியட் டப்மன், மேடை மேடையாகப் பேசிய சோஜர்னர் ட்ரூத், இவர்களைப் பற்றியெல்லாம். எழுந்திரு என்று ஓட்டுநர் சொன்னபோது அந்த இரண்டு பெண்களும் தன் இரு தோள்களையும் பிடித்து அழுத்தி உட்காரவைத்த மாதிரி இருந்தது என்று கிளாடெட் பின்னால் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். வகுப்பறையில் கேட்ட கதை பேருந்தில் வந்து தோளில் கை வைத்திருக்கிறது. பாடம் நடத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்!

இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பிடித்து இழுத்து, விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள், இது என் அரசியல் சட்ட உரிமை என்று கத்திக்கொண்டே போயிருக்கிறாள். ஆனால் அவளை முன்னால் நிறுத்திப் போராட்டம் தொடங்கவில்லை. பேருந்தில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி இடம் என்பதுதான் பிரிவினைச் சட்டம். மேல்முறையீட்டில் அந்தச் சட்டத்தை மீறிய குற்றச்சாட்டை நீக்கிவிட்டு, போலீஸைத் தாக்கினாள் என்பதை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அதனால் அந்தச் சட்டத்தை எதிர்க்க அந்த வழக்கு உதவவில்லை. அது ஒரு காரணம். அவள் ஏழை வீட்டுப் பெண், நல்ல கறுப்பு நிறம், கோபக்காரி என்ற பெயர் வேறு, கொஞ்ச நாளில் திருமணம் ஆகாமலே கருவுற்றாள். நாளைக்குப் பத்திரிகையில் இவளை என்ன பாடு படுத்துவார்கள் என்று தலைவர்களுக்குத் தெரியும். ரோசாவுக்கு மாநிறம், திருமணமானவர், தேவாலயத்துக்குப் போகிறவர், குரல் உயர்த்தாதவர், யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

தலைவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போராடியவர்கள் அவர்கள். ஆனால் ஊடகத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ஒரு வரிகூட அச்சாவதற்கு முன்பே, எந்தப் பெண் முகமாக இருக்கலாம், எவள் இருக்கக் கூடாது என்பது முடிவாகிவிடுகிறது. கறுப்பினத்தவர் ஒருவர் அநியாயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் குறையில்லாதவராக இருந்தாக வேண்டும். இன்றைக்கும் அமெரிக்காவில் போலீஸ் ஒரு கறுப்பின இளைஞனைச் சுட்டால், அவன் பழைய வழக்கு என்ன, பள்ளியில் எப்படி என்று தேடுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அப்போதெல்லாம் எனக்குக் கிளாடெட்தான் நினைவுக்கு வருகிறார்.

பேருந்துப் பிரிவினையைச் சட்டப்படி உடைத்த வழக்கில் ரோசா பார்க்ஸ் பெயர் கிடையாது. ப்ரௌடர் எதிர் கேல் என்ற அந்த வழக்கில் வாதிகள் நான்கு பெண்கள், அவர்களில் ஒருவர் கிளாடெட், கைக்குழந்தைக்காரி, நீதிமன்றத்தில் ஏறி சாட்சி சொன்னார். அந்தப் பெண்களுக்குச் சாதகமாகக் கீழ் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தப் படம்.

அப்புறம் கிளாடெட் நியூயார்க் போய், ஒரு முதியோர் இல்லத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளராக வேலை செய்து 2004இல் ஓய்வு பெற்றார். 15 வயதில் நீதிமன்றம் அவரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்திருந்தது, அது முடிந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. 2021இல், 82 வயதில், மாண்ட்கோமரி நீதிமன்றத்துக்கு அவரே மனுப் போட்டார். ஒரு கறுப்பின நீதிபதி கையெழுத்திட்டு அந்தப் பழைய வழக்குப் பதிவை அழித்தார்.