யூபோனியத்துக்கு ஒரு புஷ்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். மோட்டார் ஷாஃப்ட், பம்பு புஷ், டிராக்டர் பின், இதுதான் அன்றாட வேலை. வாத்தியம் பற்றிப் பேச வானொலியில் என்னைக் கூப்பிட்டது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஸ்வரம் ஏழு என்று தெரியும், அதற்கு மேல் கேட்காதீர்கள். ஆனால் பேண்டு செட்டுக்காரர்கள் பழைய பித்தளை வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வர ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவர்களுக்கு நான் கடைந்து தருகிற ஒரு விரல் நீளச் சாமானைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. உதடு வைத்து ஊதுகிற முனைக்கு மவுத்பீஸ் என்று பேர்; அது வாத்தியத்தில் பொருந்தாதபோது நடுவில் போடுகிற குழல் இது. கடையில் மவுத்பீஸ் அடாப்டர் என்பார்கள். எங்கள் பட்டறையில் அதுவும் புஷ்தான்.

முதலில் வந்தது பேண்டுக்காரர் இல்லை, ஒரு ஆச்சி. பெரிய வீடு. வளவு அறை ஒன்றைக் காலி செய்யும்போது, எனாமல் தூக்குகளுக்கும் தேக்குப் பெட்டிகளுக்கும் பின்னால் ஒரு யூபோனியம், அதாவது பேண்டில் ஊதுகிற பெரிய பித்தளைக் குழல் வாத்தியம், கிடைத்திருக்கிறது. வீட்டுப் பெரியவர் யாரோ ரங்கூனிலிருந்து கொண்டுவந்ததாம். வெள்ளி முலாம் கறுத்துப்போய், அகன்ற வாய்ப்பக்கத்தில் 'பெஸ்ஸன், 198 யூஸ்டன் ரோடு, லண்டன்' என்று செதுக்கியிருந்தது. "தம்பி, எங்க வீட்டுச் செட்டியாருக்கு அடுத்த மாசம் அறுபதாம் சாந்தி. அன்னைக்கு இத ஊத முடியுமான்னு பாருங்க" என்றார்கள்.

விரலால் அழுத்துகிற மூன்று வால்வு பிஸ்டனும் நகர்ந்தன, குழாயில் ஒடுக்குக்கூட அதிகமில்லை. மவுத்பீஸ் மட்டும் இல்லை. எப்போதும் இப்படித்தான். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் இந்த மாதிரி வாத்தியம் தொங்குவதைப் பார்த்தால் முதலில் அந்த இடத்தைக் கவனியுங்கள், காலியாக இருக்கும். தூக்க முடியாத உடம்பு நூறு வருஷம் கிடக்கும். கைக்குள் அடங்குகிற மவுத்பீஸ் பத்து வருஷத்தில் காணாமல் போய்விடும்.

ஊத வந்த மாஸ்டர் தன்னுடைய புது மவுத்பீஸைச் செருகிப் பார்த்தார். நுனி மட்டும் நுழைந்து நின்றுவிட்டது. "அண்ணே, மவுத்பீஸ் போற வாயைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க" என்றார். நான் ரீமர் போட்டு, முக்கால் மில்லிமீட்டர் அகட்டிக் கொடுத்துவிட்டேன். அரை மணி நேர வேலை. சாந்தி அன்று நன்றாகவே ஊதினார்கள். நானும் போய் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாகஸ்வரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் உடனே பிடிபடும். ஊதுகிற நாணலான சீவாளியை யாரும் நேராக உலவுக்குள், அதாவது மரக்குழலுக்குள், செருகுவதில்லை. நடுவில் கெண்டை என்று ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கிறது. அதன் ஒரு முனை உலவுக்கு, மறுமுனை சீவாளிக்கு. நான் செய்கிற புஷ்ஷும் கெண்டைக்குத் தம்பி முறைதான். என்ன, கெண்டை வாத்தியத்தோடு பிறந்தது. புஷ் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட உறவு.

டிராம்போன், யூபோனியம் இரண்டுக்கும் மவுத்பீஸின் வால், அதாவது வாத்தியத்துக்குள் செருகுகிற பக்கம், மூன்று தடிமனில் வரும். சின்னது, நடுத்தரம், பெரிது. சின்னதன் நுனி ஏறக்குறைய 11 மில்லிமீட்டர், பெரியது 12.7. பழைய இங்கிலாந்து யூபோனியங்கள் பலவற்றுக்கும் நடுத்தர வால்தான். 1970களில் பெஸ்ஸன் யூபோனியங்கள் பெரிய வாலுக்கு மாறின. அதனால்தான் இன்றைக்கு வாங்குகிற மவுத்பீஸ் பாட்டன் காலத்து வாத்தியத்துக்குள் போகமாட்டேன் என்கிறது. மீரட்டிலிருந்து வருகிற வாத்தியங்களும் நம் பக்கம் நிறைய உண்டு. என் வெர்னியர் பார்த்த வரையில் அவற்றில் இரண்டு ஒரே அளவில் இருந்ததில்லை. ஆகவே 'யூபோனியத்துக்கு ஒரு அடாப்டர்' என்று போனில் சொன்னால் நான் செய்ய மாட்டேன். வாத்தியமும் வரவேண்டும், மவுத்பீஸும் வரவேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், வால் நேர் உருளை இல்லை, டேப்பர். 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் குறுகும், கொஞ்சம் முன்னே பின்னே. அதாவது விட்டத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மவுத்பீஸ் 2 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இறங்கும், இல்லையென்றால் வெளியே நிற்கும். பம்பு புஷ்ஷில் யாரும் கண்டுகொள்ளாத அளவு அது. இங்கே மேல் ஸ்தாயியில் ஸ்வரம் நழுவும். சிலர் வாலில் நூல் சுற்றுவார்கள், டெஃப்லான் டேப் சுற்றுவார்கள். மேலே இறுக்கமாக இருக்கும்; உள்ளே நுனி எதையும் தொடாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஜலதோஷம் பிடித்த தொண்டை மாதிரி ஒரு சத்தம் வரும். ஒருநாள் சமாளிப்புக்குச் சரி.

சின்ன வால் மவுத்பீஸைப் பெரிய வாய்க்குள் வைப்பது சுலபம் என்று நினைப்பார்கள். எனக்கு அதுதான் கஷ்டம். சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. லேத்தின் பிடியான சக்கில் இறுக்கினால் வட்டம் நெளிந்துவிடும். முதலில் உள்பக்க டேப்பரை எடுத்துவிட்டு, அதே டேப்பரில் உள்ளே தாங்குகிற தண்டு, மேண்ட்ரல், ஒன்றைக் கடைந்து, அதன்மேல் ஏற்றி வெளிப்பக்கத்தைச் சீவ வேண்டும். லேத்தின் ஸ்லைடை ஒன்றரை டிகிரிக்குச் சற்றே குறைவாகத் திருப்பி வைத்து, தேய்த்துத் தேய்த்துப் பார்த்துத்தான் முடியும்.

பெரிய வாலைச் சின்ன வாய்க்கு மாட்டுவது வேறு கதை. அதற்குள் இது போகாது. அதனால் புஷ் வெளியே நீண்டு நிற்கும். குழாய் மூன்று சென்டிமீட்டர் கூடிவிட்டது என்று வையுங்கள். யூபோனியத்தின் மொத்தக் குழாய் சுமார் 9 அடி. அதில் மூன்று சென்டிமீட்டர் கூடினால் சுருதி அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். வாத்தியத்தில் சுருதி சேர்க்க இழுத்துத் தள்ளுகிற பெரிய ஸ்லைடை ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் சரியாகிவிடும், அதில் குழாய் போகவும் வரவும் இரண்டு முறை இருப்பதால்.

இந்த நீளமே சில வாத்தியங்களுக்கு வரம். பிரிட்டனில் பித்தளை பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்று 'ஏ' ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு என்றால் அவர்களுக்கு 452.5. அந்தக் காலத்து யூபோனியத்தை இன்றைய கீபோர்டோடு சேர்த்து ஊதினால், ஒரு வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்துக் கருப்புக் கட்டைக்கும் நட்டநடுவே போய் நிற்கும். தேவகோட்டையில் ஒரு மாஸ்டர் இதற்காகத் தன் பையனை ஒரு சீசன் முழுக்கத் திட்டித் தீர்த்தார். பையன் மேல் தப்பே இல்லை. ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் குழாய் குறைந்தது, அவ்வளவுதான். நீளமான புஷ் ஒன்று போட்டு, மிச்சத்தை ஸ்லைடில் இழுத்து வைத்தோம். ஆனால் வால்வுக் குழாய்கள் பழைய அளவிலேயே இருக்கும், அவற்றையும் நீட்டவேண்டும். முதல் வால்வு ஸ்லைடை 5 மில்லிமீட்டர், இரண்டாவதை இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். அதைச் செய்யாவிட்டால் வெறும் ஊதலில் சுருதி சேரும், விரல் வைத்ததும் பிரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். புஷ்ஷை வாத்தியத்திலேயே விட்டுவிட்டுப் பரணில் போடாதீர்கள். பித்தளையும் பித்தளையும் கவ்விக்கொள்ளும். அப்புறம் குறடு போட்டு முறுக்கி, குழாயே திருகிக்கொண்டு என்னிடம் வரும். அதற்கென்று புல்லர் இருக்கிறது, பொறுமையாக எடுக்கலாம்.

சரி, ஆச்சி கதைக்கு வருகிறேன். சாந்தி முடிந்து இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப வந்தார்கள். கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம் மாதிரி என்னவோ. வாங்கிப் பார்த்தேன். அந்த யூபோனியத்தோடு வந்த அசல் மவுத்பீஸ். இத்தனை காலமும் சாமி அறையில் கவிழ்த்து வைத்து, வால் துளையில் ஊதுபத்தி சொருகியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் புகை ஏறியிருந்தது.

வாத்தியத்தில் செருகினேன். பொருத்தமாக இருந்திருக்க வேண்டியது, 15 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போய் லொடலொடத்தது. ரீமர் போட்டவன் நான்தானே. பெற்ற வீட்டிலேயே அதற்கு இடமில்லாமல் செய்துவிட்டேன்.

மூன்று நாள் உட்கார்ந்து, இரண்டு பாழாகி, மூன்றாவதாக ஒரு புஷ் தேறியது. சுவர் கல்யாணப் பத்திரிகை அட்டை கனம். இன்றுவரை அவ்வளவு மெல்லிசாக நான் எதையும் கடைந்ததில்லை. ஆச்சி கூலி எவ்வளவு என்று கேட்டார்கள். வேண்டாம் ஆச்சி என்றேன், காரணத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அப்ப ஊதுபத்திக்கு ஒண்ணு செஞ்சு குடுங்க தம்பி, சாமி அறை வெறிச்சுன்னு இருக்கு" என்றார்கள். அதையும் பித்தளையிலேயே கடைந்து கொடுத்தேன்.