ரியாக்‌ஷன் பண்ணாத புரோட்டீன் எப்படி நோய் கொடுக்குது: சூடோகைனேஸ் பத்தி ஒரு பேச்சு

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

குளிச்சிட்டு வந்தா உடம்பு முழுக்க தாங்க முடியாத அரிப்பு, முகம் எப்பவும் செவந்தே இருக்கு, அடிக்கடி தலைவலி, இப்படி ஒருத்தர் டாக்டர்கிட்ட போறார்னு வெச்சுக்கங்க. பிளட் டெஸ்ட் பாத்தா சிவப்பணு அளவுக்கு மீறி இருக்கு, ரத்தம் கெட்டியா ஓடுது, எப்ப எங்க உறைஞ்சு அடைக்கும்னு சொல்ல முடியாது. பாலிசைத்தீமியா வெரான்னு பேரு. இந்த நோய் இருக்கறவங்கள்ல ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு ஜாக்2ங்கிற ஒரே புரோட்டீன்ல, 617ஆவது இடத்துல வேலின்ங்கிற அமினோ ஆசிட் (புரோட்டீனைக் கோக்கற மணி மாதிரி) இருக்க வேண்டிய எடத்துல ஃபினைல்அலனின்ங்கிற இன்னொரு அமினோ ஆசிட் வந்து உக்காந்திருக்கு. 2005ல நாலு குரூப் தனித்தனியா இதைக் கண்டுபிடிச்சாங்க, பாரிஸ் பக்கத்துல வில்லியம் வைன்ஷென்கர் குரூப், கேம்பிரிட்ஜ்ல டோனி கிரீன், பாஸ்டன்ல கேரி கில்லிலாண்ட், பாசல்ல ராடெக் ஸ்கோடா. அப்ப எல்லாரையும் ஒரு கேள்வி உறுத்துச்சு. அந்த மியூட்டேஷன், அதாவது அந்த மாற்றம், ஜாக்2வோட வேலை செய்யிற பகுதியில இல்ல. பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற, ரியாக்‌ஷன் எதுவும் பண்ணாதுன்னு எல்லாரும் நம்பிட்டு இருந்த பகுதியில இருக்கு. அந்தப் பகுதிதான் சூடோகைனேஸ்.

கைனேஸ்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். செல்லோட எரிபொருளான ஏடிபியில இருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரோட்டீன் மேல ஒட்டற என்சைம். அந்த ஒட்டல்தான் செல்லுக்குள்ள சிக்னல், வளரு, பிரி, நில்லு, செத்துப்போ எல்லாமே இப்படித்தான் போகுது. 2002ல மனுஷ ஜீனோம்ல மொத்தம் 518 கைனேஸ் இருக்குன்னு பட்டியல் போட்டாங்க. அதுல சுமார் 50, அதாவது பத்துல ஒண்ணு, பாக்க அச்சு அசலா கைனேஸ் மாதிரியே மடிஞ்சிருக்கு ஆனா ரியாக்‌ஷனுக்கு அவசியம்னு நாம நெனைக்கிற அமினோ ஆசிட்ல ஒண்ணோ ரெண்டோ இல்ல. ஏடிபியைப் பிடிக்கிற லைசின், பாஸ்பேட்டை நகர்த்த உதவற அஸ்பார்டேட், மெக்னீசியத்தைப் பிடிக்கிற இன்னொரு அஸ்பார்டேட், இந்த மூணுல ஏதோ ஒண்ணு போயிருக்கும். சரி இதெல்லாம் பரிணாமத்துல மிஞ்சின குப்பைன்னு ரொம்ப காலம் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. எனக்கு இதுதான் ஆதங்கம், ஒரு புரோட்டீன் கோடிக்கணக்கான வருஷமா அழியாம இருக்குன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?

காரணம் இருக்கு. கட்டட வேலையில மேஸ்திரி கரண்டியே தொடமாட்டார், ஆனா அவர் இல்லாட்டி சுவர் நேரா நிக்காது, சூடோகைனேஸ் பெரும்பாலும் அப்படித்தான். யார் பக்கத்துல யார் நிக்கணும், யார் எப்ப வேலையை ஆரம்பிக்கணும், யார் சும்மா இருக்கணும்ங்கறதை தன்னோட வடிவத்தை வெச்சே நடத்துது.

ஜாக்2ல அந்தப் பகுதி ஒழுங்கா இருக்கும்போது பக்கத்துல இருக்கற நிஜ கைனேஸை அடக்கி வெச்சிருக்கு, சிவப்பணுவை வளக்கற எரித்ரோபாய்ட்டின் ஹார்மோன் வெளிய இருந்து செல் மேல இருக்கற ரிசெப்டரைத் தட்டினா மட்டும் விடுது. 617ல ஒரு எழுத்து மாறினதும் அந்த அடக்கறது போயிடுது, ஹார்மோன் வராமலே சிக்னல் ஓடிட்டே இருக்கு, எலும்பு மஜ்ஜை சிவப்பணுவை உற்பத்தி பண்ணிட்டே இருக்கு. இதை கண்ணால பாக்க 2022 வரைக்கும் ஆச்சு. ஜாக்2 குடும்பத்தைச் சேந்த ஜாக்1 புரோட்டீனை முழு நீளத்துக்கு, இதே மாதிரி மியூட்டேஷனோட, உறைய வெச்சுப் பாக்கற கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல படம் எடுத்தாங்க. ரெண்டு ஜாக் புரோட்டீனும் ஒண்ணோட ஒண்ணு சேர்ற எடமே சூடோகைனேஸ் பகுதிதான், மியூட்டேஷன் சரியா அந்த ஒட்டுற எடத்துல உக்காந்து பிடியை இறுக்குது. ஹார்மோன் செய்ய வேண்டிய சேர்ப்பை மியூட்டேஷனே செஞ்சிடுது, அவ்வளவுதான்.

இப்ப மருந்துக்கு வருவோம். 2011ல ஜாக் கைனேஸைத் தடுக்கிற ருக்சோலிடினிப்ங்கிற மருந்து மைலோஃபைப்ரோசிஸுக்கு (எலும்பு மஜ்ஜை தழும்பாகிற நோய்) அனுமதி வாங்குச்சு, 2014ல பாலிசைத்தீமியாவுக்கும். நல்ல மருந்து, மண்ணீரல் வீக்கம் குறையுது, அரிப்பு குறையுது, நிறைய பேருக்கு நிம்மதி. ஆனா அது போய் உக்கார்றது நிஜ கைனேஸ் பகுதியோட ஏடிபி குழியில, அந்தக் குழி மியூட்டேஷன் இருக்கற ஜாக்2லயும் ஒண்ணுதான், நல்ல ஜாக்2லயும் ஒண்ணுதான். அதனால நல்ல செல்லும் அடி வாங்குது, ரத்தசோகை வருது, பிளேட்லெட் குறையுது, டோஸை ஏத்த முடியல. தப்பு ஒரு எடத்துல இருக்கு, மருந்து இன்னொரு எடத்துல போய் அடிக்குது. இப்ப தப்பு நடக்கிற அந்த சூடோகைனேஸ் பகுதியையே பிடிக்கிற மருந்துகளை மனுஷங்ககிட்ட சோதிக்க ஆரம்பிச்சிருக்காங்க.

அந்தப் பகுதியைப் பிடிச்சா நெஜமாவே மருந்தாகுமா? ஆகும்னு காட்டுனது ஜாக்2 இல்ல, அதோட சொந்தக்காரன் டிக்2. இந்தக் கதையை கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இதுல கத்துக்க நிறைய இருக்கு. சோரியாசிஸ்ங்கிற தோல் நோய்ல, எதிர்ப்பு சக்தி செல்கள் பேசிக்கிற இன்டர்லூக்கின் 23ங்கிற சிக்னல்தான் முக்கிய வில்லன், அது டிக்2 வழியா போகுது. பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, தனியா பிரிச்ச என்சைம் மேல மருந்தைப் போட்டு ரியாக்‌ஷன் நிக்குதான்னு பாக்கற வழக்கமான டெஸ்டோட நிறுத்திக்காம, உயிரோட இருக்கற செல்லுல இன்டர்லூக்கின் 23 சிக்னல் நிக்குதான்னு பாத்தாங்க. சில மாலிக்யூல் சிக்னலை சூப்பரா நிறுத்துச்சு. ஆனா அதே மாலிக்யூலை எடுத்து ஒவ்வொரு கைனேஸா ரியாக்‌ஷன் டெஸ்ட் வெச்சா, சந்தேகப்பட்ட எதையும் தடுக்கல! தேடிப்போனா அது டிக்2வோட சூடோகைனேஸ் குழியில போய் உக்காந்து, அந்தப் பகுதியை இறுக்கமான நிலையில நிறுத்தி, பக்கத்து கைனேஸை எழவே விடாம பண்ணிருக்கு. ரியாக்‌ஷனை மட்டும் அளந்திருந்தா அந்த மாலிக்யூலை உபயோகமில்லன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, இதே மாதிரி எத்தனை நல்ல மாலிக்யூல் எத்தனை லேப்ல ஃபெயில்னு எழுதி மூடப்பட்டிருக்கும்னு.

அதுல இருந்து செதுக்கி எடுத்ததுதான் டியூக்ராவாசிடினிப். 2022 செப்டம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட அனுமதி, ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு. அதோட கெமிஸ்ட்ரியில ஒரு எடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாலிக்யூலோட ஓரத்துல ஒரு சின்ன மெத்தில் (ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன்) இருக்கு, அது டிக்2 குழியில அலனின் ஒண்ணு இருக்கறதால கிடைக்கிற குட்டி எடத்துல கச்சிதமா நுழையுது, மத்த கைனேஸ்ல பெரும்பாலும் அந்த எடம் பெரிய அமினோ ஆசிடால அடைபட்டிருக்கறதால அங்க நுழையாது. ஆனா உடம்புக்குள்ள போனதும் ஈரல் அந்த மெத்திலைக் கழட்டிவிடும், கழட்டினா குறி பாத்து அடிக்கிற குணம் போச்சு. அதுக்கு என்ன பண்ணாங்க, அந்த மெத்தில்ல இருக்கற மூணு ஹைட்ரஜனையும் டியூட்டீரியமா, அதாவது கனமான ஹைட்ரஜனா, மாத்திட்டாங்க. கார்பன் டியூட்டீரியம் பந்தத்தை உடைக்கிறது கஷ்டம், மெத்தில் தங்கிடுச்சு.

ட்ரையல்ல 16 வாரத்துல சோரியாசிஸ் ஸ்கோர் 75 சதவீதமாவது குறைஞ்சவங்க, முதல் பெரிய ஆய்வுல, இந்த மாத்திரை எடுத்தவங்கள்ல 58.4 சதவீதம், அப்ரிமிலாஸ்ட்ங்கிற பழைய மாத்திரை எடுத்தவங்கள்ல 35.1, சும்மா மாத்திரை எடுத்தவங்கள்ல 12.7. இன்னொண்ணும் முக்கியம். 2021ல டோஃபாசிடினிப் மாதிரி ஜாக் மருந்துகளுக்கு மாரடைப்பு, ரத்தக்கட்டி, கேன்சர் ஆபத்துன்னு எஃப்டிஏ கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லுச்சு, இந்த மருந்துக்கு அந்தக் கட்டம் இல்ல. இது எல்லா நோய்க்கும் சஞ்சீவின்னு நான் சொல்லல, பெருங்குடல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்ல நடந்த ஆய்வுல எதிர்பார்த்த பலன் வரல.

கேன்சர் பக்கம் போனா ஹெர்3, செல் மேல இருக்கற ரிசெப்டர் ஒண்ணு. இதோட சொந்த கைனேஸ் வேலை மிக மிக பலவீனம், ஆனா தன் குடும்பத்து ரிசெப்டரான ஹெர்2வோட ஜோடி சேந்தா அந்தக் குடும்பத்துலயே பலமான ஜோடி இதுதான், ஏன்னா ஹெர்3 வால்ல, செல்லை வளர வைக்கிற பிஐ3கேங்கிற என்சைம் வந்து பிடிச்சுக்க ஆறு எடம் இருக்கு. மார்பகப் புற்றுநோய்ல 2012ல வந்த பெர்டுசுமாப் இந்த ஜோடி சேர்றதைத்தான் தடுக்குது. என்ஆர்ஜி1 ஜீன் வேற ஜீனோட ஒட்டிக்கிட்டு வர்ற நுரையீரல், கணையப் புற்றுநோய்க்கு ஹெர்2, ஹெர்3 ரெண்டையும் பிடிக்கிற சீனோகுட்டுசுமாப் 2024 டிசம்பர்ல அனுமதி வாங்குச்சு.

மனசைத் தொடற கதை ஒண்ணு இருக்கு, ஸ்டிராடா. இதுவும் சூடோகைனேஸ், ஏடிபியைப் பிடிக்கும் ஆனா உடைக்காது, எல்கேபி1ங்கிற கைனேஸைத் தாங்கிப் பிடிச்சு எழுப்பி விடறதுதான் இதோட வேலை. அமெரிக்காவுல பென்சில்வேனியா பக்கம் பழைய மெனோனைட்ங்கிற கிறிஸ்தவ சமூகத்துல சில குழந்தைங்களுக்கு மூளை பெருசா, நிக்காத வலிப்பு, வளர்ச்சிக் குறைவு. 2007ல பாத்தா ஸ்டிராடா ஜீன்ல ஒரு பெரிய துண்டே காணோம். அது போனா செல் வளர்ச்சியை நடத்துற எம்டார் பாதை தறிகெட்டு ஓடுது, எம்டாரை அடக்க சிரோலிமஸ்னு ஒரு மருந்து ஏற்கனவே கடையில இருக்கு, அஞ்சு குழந்தைங்களுக்குக் கொடுத்தாங்க, வலிப்பு நல்லாவே குறைஞ்சுது, 2013ல அதைப் பதிப்பிச்சாங்க. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கல. அந்த சூடோகைனேஸ் என்ன பண்ணுதுன்னு யாரோ மெனக்கெட்டு படிச்சு வெச்சிருந்தாங்க, அதனால வழி தெரிஞ்சுது.

எம்எல்கேஎல் பத்தி ஒரு வரி: செல் தானே சவ்வைக் கிழிச்சுக்கிட்டு சாகற நெக்ரோப்டோசிஸ்ல கடைசி அடி அடிக்கிறது இந்த சூடோகைனேஸ்தான், 2012ல தெரிஞ்சுது. நெக்ரோசல்ஃபோனமைட்ங்கிற மாலிக்யூல் மனுஷ எம்எல்கேஎல்ல 86ஆவது இடத்துல இருக்கற சிஸ்டீன்ங்கிற அமினோ ஆசிடைப் பிடிச்சு நிறுத்தும், எலியில அந்த சிஸ்டீனே இல்ல. எலிய வெச்சு மட்டும் டெஸ்ட் பண்ணா பதில் தப்பா வரும், ஸ்டூடண்ட்ஸ் இதைக் கவனிங்க.

அப்புறம், ரியாக்‌ஷனே இல்லன்னு முத்திரை குத்தறதுலயும் ஜாக்கிரதையா இருக்கணும். செலீனோபுரோட்டீன் ஓ ஒரு செத்த கைனேஸ்னு நெனைச்சாங்க, 2018ல பாத்தா ஏடிபியைத் தலைகீழாப் பிடிச்சு பாஸ்பேட்டுக்குப் பதிலா ஏடிபியோட மிச்சத் துண்டான ஏஎம்பியையே ஒட்டுது. ஜாக்2 சூடோகைனேஸ் பகுதியே லேசா ரெண்டு எடத்துல பாஸ்பேட் ஒட்டுதுன்னு 2011லயே காட்டிட்டாங்க.

லேப்ல இதை எப்படித் தேடறதுன்னு கேப்பீங்க. ரியாக்‌ஷன் இல்லாததால பிடிப்பைத்தான் அளக்கணும், புரோட்டீனை மெதுவா சூடு பண்ணி எந்த வெப்பத்துல குலையுதுன்னு பாப்போம், மருந்து உக்காந்தா அந்த வெப்பம் மாறும். டிரிப்பிள்ஸ்ங்கிற சூடோகைனேஸ் குடும்பத்துல டிரிப்2னு ஒண்ணு, சிஓபி1ங்கிற புரோட்டீனைக் கூட்டிட்டு வந்து, ரத்த செல் முதிர வேண்டிய சி/ஈபிபி ஆல்ஃபாங்கிற புரோட்டீனை அழிக்க வெச்சு ரத்தப் புற்றுநோயான லுக்கீமியாவுக்கு வழி பண்ணும். நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கனவே கொடுக்கிற அஃபாடினிப் இதுலயும் போய் கோவாலண்டா, அதாவது கெட்டியான கெமிக்கல் பந்தமா, ஒட்டிக்குதுன்னு 2018ல காட்டினாங்க. ஒட்டினதும் டிரிப்2 தன் நிலை குலைஞ்சுது, செல் அதை சிதைச்சுப் போட்டுடுச்சு, லேப்ல வளர்த்த லுக்கீமியா செல்லும் சாக ஆரம்பிச்சுது. தடுக்க ரியாக்‌ஷன் இல்லாட்டி என்ன, புரோட்டீனையே காலி பண்ணலாம்ங்கிற இந்த வழியிலதான் இப்ப நிறைய பேர் இறங்கியிருக்காங்க. கேள்வி இருக்கறவங்க கேக்கலாம்.