ஷஸாம் என்றதும் வந்து நின்றவர்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

நான் 30 வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையிலும் மாலையிலும் பையன்களுக்குப் பளுதூக்குதல் சொல்லிக் கொடுத்தவன். சினிமாவைப் பற்றிப் பேச இவர் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். இன்றைக்கு நான் பேசப்போகிற நடிகர் ஒரு பளுதூக்கும் வீரர். அவர் திரையில் நின்ற விதத்தை ஒரு பளுதூக்கும் ஆளின் கண்ணால் பார்த்தால்தான் முழுசாகப் புரியும் என்று நான் நம்புகிறேன். அவர் பெயர் டாம் டைலர். காமிக்ஸ் புத்தகத்தில் பிறந்த ஒரு சூப்பர் ஹீரோவாக, சினிமாவில் ரத்தமும் சதையுமாக முதன்முதலில் வந்து நின்றவர் அவர்தான். 1941ல்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 90களில் எங்கள் பள்ளியில் பையன்கள் பாடப் புத்தகத்துக்குள் ராணி காமிக்ஸை மறைத்து வைத்துப் படிப்பார்கள். மைதானத்து வேப்பமரத்தடியில் அப்படி ஒருவனைப் பிடித்துப் புத்தகத்தைப் பறிமுதல் செய்தேன். அதில் இருந்தவர் முகமூடி போட்ட மாயாவி. மண்டை ஓட்டு மோதிரம், கூடவே ஓடிவரும் டெவில் என்ற ஓநாய். சாயங்காலம் அந்தப் புத்தகத்தை நானே ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, மறுநாள் அவனிடம் கொடுத்து, அடுத்த இதழ் வந்தால் எனக்கும் கொடுடா என்றேன். ரொம்ப வருடம் கழித்து அந்த மாயாவி பழைய ஹாலிவுட் படத்தில் வந்திருக்கிறார் என்று தெரிந்து, தேடிப் பார்த்தேன். இறுக்கமான உடையில் அந்த மனிதர் நடந்து வந்த முதல் காட்சியிலேயே, இவர் இரும்பு தூக்கியவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தோளைப் பார்த்தாலே போதும், எங்களுக்குத் தெரியும்.

டாம் டைலர் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. வின்சென்ட் மார்க்கோவ்ஸ்கி என்பது வீட்டில் வைத்த பெயர். 1903 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரத்தில் போர்ட் ஹென்றி என்ற ஊரில் பிறந்தார். லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பையன் வளர்கிற பருவத்தில் குடும்பம் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்குக்குக் குடிபெயர்ந்தது. கார் தொழிற்சாலைகள் ஆள் எடுத்துக்கொண்டே இருந்த காலம் அது. கூலி வேலைக்காரர்களின் ஊர். அந்த ஊர்ப் பையன் ஒருவன் நடிகனாக வேண்டும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினான். போகிற வழியில் நிலக்கரிச் சுரங்கம், கப்பல், மரம் வெட்டுதல், காசுக்குக் குத்துச்சண்டை என்று கிடைத்த வேலையெல்லாம் செய்திருக்கிறான். 1924 வாக்கில் ஹாலிவுட் போய்ச் சேர்ந்து, கூட்டத்தில் ஒருவனாக நின்றான். பென்ஹர் படத்தின் ஆயிரக்கணக்கான துணை நடிகர்களில் அவனும் ஒருவன்.

1925ல் எஃப்.பி.ஓ. என்ற கம்பெனி குதிரைப் படங்களுக்கு ஒரு புது ஆளைத் தேடியது. ஆறடிக்கு மேல் உயரம், கல்லில் செதுக்கிய மாதிரி முகம். பெயரை மாற்றினார்கள், தொப்பியை மாட்டினார்கள், குதிரை மேல் ஏற்றினார்கள். டாம் டைலர் பிறந்தார். அவர் படங்களில் பிராங்கி டாரோ என்ற சுட்டிப் பையனும் ஒரு நாயும் கூட வருவார்கள். ஊமைப் பட காலத்தில் சின்ன ஊர்க் கொட்டகைகளில் குழந்தைகள் முண்டியடித்துப் பார்த்த படங்கள் அவை.

அதே வருடங்களில், படப்பிடிப்பு முடிந்த பிறகு, லாஸ் ஏஞ்சல்ஸ் அத்லெடிக் கிளப்புக்காகப் பளு தூக்கிக்கொண்டிருந்தார் இவர். 1928ல் அமெரிக்க அமெச்சூர் போட்டியில் கனஎடைப் பிரிவு சாம்பியன். தூக்கிய மொத்த எடை 760 பவுண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய 345 கிலோ. இது ஒரே தூக்கில் தூக்கியது இல்லை, பல தூக்குகளைக் கூட்டிய கணக்கு. இருந்தாலும் நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் குதிரை மேல் இருந்து விழுந்து எழுந்துவிட்டு, ராத்திரியில் இரும்போடு மல்லுக்கட்டிய ஆள்.

இங்கே எங்கள் தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பளுவைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டால் தூக்கு முடிந்துவிட்டது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். கிடையாது. கை இரண்டும் நீண்டு, முழங்கால் நிமிர்ந்து, இரண்டு பாதமும் ஒரு கோட்டில் வந்து, நடுவர் "டவுன்" சொல்லும்வரை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒன்றிரண்டு நொடிதான் தூக்கு. புதுப் பையன்கள் எல்லாரும் அங்கேதான் கோட்டை விடுவார்கள். ஏற்றிவிட்ட சந்தோஷத்தில் அவசரமாகக் கீழே போட்டுவிடுவார்கள். "நில்லுடா, நில்லு" என்று 30 வருடம் கத்தியிருக்கிறேன். டாம் டைலர் சினிமாவுக்குக் கொண்டுவந்தது அந்த நிற்பைத்தான்.

பேசும் படம் வந்தபோது பல ஊமைப் பட நாயகர்கள் காணாமல் போனார்கள். இவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் மாளிகை வாசலில் இருந்து திண்ணைக்கு இறங்கிய மாதிரிதான். முப்பதுகள் முழுக்க சின்னச் சின்னக் கம்பெனிகள், சில நாட்களில் எடுத்து முடிக்கும் குதிரைப் படங்கள். இடையில் சர்க்கஸ் கூடாரத்தோடும் ஊர் ஊராகப் போனார். 1939ல் ஜான் ஃபோர்டு எடுத்த ஸ்டேஜ்கோச் படத்தில் ஒரு சின்ன வில்லன் வேடம் கிடைத்தது. லூக் பிளம்மர். சீட்டாடிக்கொண்டிருக்கும்போது எதிரி ஊருக்குள் வந்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. கையில் இருக்கும் சீட்டைக் கீழே வைக்கிறார். ஆசும் எட்டும். மேற்கத்திய சூதாடிகள் செத்தவன் சீட்டு என்று பயப்படும் சேர்க்கை. அந்தச் சில நிமிடத்தில் அவர் செய்வது கொஞ்சம்தான், ஆனால் பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்கும். அடுத்த வருடம் தி மம்மீஸ் ஹேண்ட் படத்தில் உடம்பெல்லாம் துணி சுற்றிய மம்மியாக வந்தார். ஒப்பனை ஜாக் பியர்ஸ். சில காட்சிகளில் பிலிமிலேயே கண்களைக் கறுப்பாக்கிவிட்டார்கள். பேச்சும் இல்லை, கண்ணும் இல்லை. நடையை மட்டும் வைத்துப் பயமுறுத்த வேண்டும், பயமுறுத்தினார்.

இப்போது 1941க்கு வருகிறேன். ரிபப்ளிக் கம்பெனி வாராவாரம் ஒரு பகுதி வெளியிடும் தொடர்படங்களுக்குப் பெயர் போனது. ஒவ்வொரு பகுதியும் நாயகன் சாகப்போகிற இடத்தில் நிற்கும். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை "தொடரும்" போடுகிற மாதிரி. அவர்கள் முதலில் ஆசைப்பட்டது சூப்பர்மேனுக்கு. அந்த உரிமை கார்ட்டூன் படத்துக்காக வேறு கம்பெனியிடம் போய்விட்டது. அதனால் ஃபாசெட் பதிப்பகத்தின் கேப்டன் மார்வெல் கதையை வாங்கினார்கள். இப்போதைய குழந்தைகள் ஷஸாம் என்று சொல்கிறார்களே, அவர்தான். பில்லி பேட்சன் என்ற பையன் "ஷஸாம்" என்று சொன்னதும் இடி இடித்து, புகை எழும்பி, பையன் நின்ற இடத்தில் மின்னல் சின்னம் போட்ட ஒரு பெரிய மனிதர் நிற்பார். பையனாக நடித்தவர் ஃபிராங்க் காக்லன் ஜூனியர். புகை கலைந்ததும் நின்றவர் டாம் டைலர். அப்போது அவருக்கு வயது 37. இயக்கியவர்கள் வில்லியம் விட்னி, ஜான் இங்கிலிஷ். மொத்தம் 12 பகுதிகள். 1940 டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி கடைசிக்குள் எடுத்து முடித்துவிட்டார்கள்.

பறப்பதை எப்படி எடுத்தார்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் என்று இரண்டு சகோதரர்கள். ஆளைவிடப் பெரிதாக, எடை குறைவாக, காகிதக் கூழில் ஒரு பொம்மை செய்தார்கள். கையை முன்னால் நீட்டி, நெஞ்சை நிமிர்த்திய பொம்மை. அதன் தோளிலும் கெண்டைக்காலிலும் சின்னக் கப்பிகள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பிகளை உயரத்தில் இருந்து சரிவாகக் கட்டி, அதில் வழுக்கிக்கொண்டு வர விட்டார்கள். எல்லாம் வெளியில், வெட்டவெளிச்சத்தில், நிஜ மலைக்கும் நிஜ வானத்துக்கும் நடுவில். அதனால்தான் இன்றைக்குப் பார்த்தாலும் கண் நம்புகிறது. 7 வருடம் கழித்து வந்த சூப்பர்மேன் தொடர்படத்தில், பறக்கும்போது ஆளைக் கார்ட்டூனாக வரைந்துவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், லைடெக்கர் சகோதரர்களின் கைவேலைக்கு நீங்களே எழுந்து வணக்கம் வைப்பீர்கள். கூரையில் இருந்து பாய்வது, துள்ளி உதைப்பது எல்லாம் டேவிட் ஷார்ப் என்ற சண்டைக் கலைஞர். அவர் பெயரைச் சொல்லாமல் விடுவது பாவம்.

அப்படியானால் பறந்தது பொம்மை, பாய்ந்தது ஷார்ப். டைலர் செய்தது என்ன? தரையில் வந்து இறங்கிய பிறகு நின்றார். முதல் பகுதியிலேயே ஒரு காட்சி. எதிரிகள் துப்பாக்கியால் சுடச் சுட, இவர் நேராக நடந்து வருகிறார். ஓட்டம் இல்லை, கத்தல் இல்லை, முறைப்பு கூட அதிகம் இல்லை. பாதம் முழுசாகத் தரையில் பதிகிறது. இடுப்பு ஆடவில்லை, தோள் ஏறவில்லை. மேலே ஒரு பளு இருக்கிற மாதிரி முதுகு நேராக நிற்கிறது. குண்டு படும்போது அதில் ஒரு சின்ன அலட்சியம் மட்டும். 760 பவுண்டு கணக்கு அங்கே தெரிகிறது நேயர்களே. காகிதப் பொம்மைக்கு எடை கொடுத்தது அந்த நிற்புதான். இந்த ஆள்தான் சற்று முன்னால் வானத்தில் போனார் என்று நாம் நம்புவதே, இவர் அப்படி நின்றதால்தான்.

ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அதே பகுதியில் இவர் எந்திரத் துப்பாக்கியைப் பிடுங்கி, திரும்பி ஓடுகிறவர்களைச் சுடுகிறார். குண்டு துளைக்காத ஒருவர், பயந்து ஓடுகிறவனின் முதுகில் சுடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சூப்பர் ஹீரோ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற இலக்கணம் அப்போது சினிமாவில் எழுதப்படவே இல்லை. அவர்கள் குதிரைப் படத்துப் பழக்கத்தில் எடுத்துவிட்டார்கள்.

1943ல் கொலம்பியா கம்பெனிக்காக 15 பகுதிகளில் தி ஃபேண்டம். நம் மாயாவி. படக்கதையில் வரைந்த தாடையும் டைலரின் தாடையும் அப்படியே ஒத்துப்போகும். இயக்கம் பி. ரீவ்ஸ் ஈசன். டெவிலாக நடித்தது ஏஸ் என்ற நாய். முகமூடி பாதி முகத்தை மூடிவிட, மறுபடியும் உடம்பால்தான் பேச வேண்டியிருந்தது. அவர் நாயகனாக நடித்த கடைசிப் பெரிய வேலை அதுதான்.

அந்தக் காலகட்டத்தில்தான் மூட்டுகள் வலிக்கத் தொடங்கின. முதலில் கீல்வாதம் என்று நினைத்தார்கள். உண்மையில் அவருக்கு வந்தது ஸ்க்லிரோடெர்மா என்ற நோய். உடம்பின் தோலும் அதன் அடியில் இருக்கும் திசுக்களும் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும். விரல்கள் மடக்கவும் நீட்டவும் வராது. முகத்துத் தோல் இழுத்துக் கட்டிய மாதிரி ஆகும். உள்ளுறுப்புகளையும் விடாது. இரும்புக் கம்பியை இறுக்கிப் பிடித்துக் காய்ப்பு ஏறிய கைகளுக்கு இப்படி ஒரு நோய். என்னிடம் பயிற்சி எடுத்த பையன் ஒருவனுக்குக் கை மூட்டு வீங்கி, பட்டன் போட முடியாமல் தவித்ததைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவனுக்குச் சட்டைப் பட்டனை நான் போட்டுவிட்டபோது அவன் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டைலரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தத் திரும்பிய முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஆனாலும் அவர் வேலையை விடவில்லை. நாயகன் வேடம் போய், ஒரு காட்சி, இரண்டு காட்சி வேடங்கள். 1949ல் ஜான் ஃபோர்டு மறுபடியும் கூப்பிட்டு, ஷி வோர் எ யெல்லோ ரிப்பன் படத்தில் காயம்பட்ட ஒரு குதிரைப்படை வீரராகப் போட்டார். குண்டடிபட்ட உடம்போடு குதிரை மேல் உட்கார்ந்து, மேலதிகாரியிடம் தகவல் சொல்கிற காட்சி. மெலிந்திருக்கிறார். கன்னம் ஒட்டியிருக்கிறது. முதுகு மட்டும் அந்த 1941 முதுகுதான்.

1953ல் கையில் காசு இல்லாமல், உடம்பும் முடியாமல், ஹாம்ட்ராமிக்கில் இருந்த சகோதரி வீட்டுக்குத் திரும்பினார். கேப்டன் மார்வெல், சூப்பர்மேனைக் காப்பியடித்தது என்று தொடுத்த வழக்கு நீண்டு நீண்டு போய், ஃபாசெட் அந்தக் காமிக்ஸை நிறுத்தியதும் அதே 1953ல்தான். அடுத்த வருடம் மே மாதம் டாம் டைலர் காலமானார். வயது 50. டெட்ராய்ட்டில் மவுண்ட் ஆலிவெட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

12 பகுதிகள் கொண்ட அந்தத் தொடர்படத்தின் முடிவை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். இத்தனை சண்டைக்கும் காரணமான, தேள் வடிவத்தில் இருக்கும் பொன் ஆயுதத்தைக் கேப்டன் மார்வெல் கையில் எடுக்கிறார். கொதிக்கும் எரிமலைக் குழம்புக்குள் வீசுகிறார். ஆபத்து தீர்ந்துவிட்டது, இனி அவர் தேவையில்லை. அவர் நின்ற இடத்தில் பையன் பில்லி நிற்கிறான். வீசுவதற்கு முன்னால் ஒரு கணம் டைலர் அசையாமல் நிற்கிறார். பளுவை மேலே ஏற்றிவிட்டு நடுவரின் குரலுக்குக் காத்திருக்கிற அதே நிற்பு.

நன்றி. வணக்கம்.