உங்கள் புண்ணுக்குள் வைரஸை விடச் சம்மதிப்பீர்களா?

செல்லூரில் இருக்கும் என் பெரியம்மாவிடம் இதைக் கேட்டேன். சர்க்கரைப் புண், நாலு மாதமாக ஆறவில்லை. ஸ்டூலில் தூக்கி வைத்திருந்த காலைச் சட்டென்று இறக்கிவிட்டார். "ஏண்டா, கொரோனாவுல பட்டது போதாதா? நீ வேற கொண்டாந்து ஊத்தணுமா?"

பக்கத்திலேயே கல்ச்சர் ரிப்போர்ட் கிடந்தது. வரிசையாக ஆன்டிபயாடிக் பெயர்கள். முக்கால்வாசிக்கு எதிரே 'ஆர்'. ரெசிஸ்டன்ட். அதாவது, இந்த மருந்து இந்தக் கிருமியிடம் செல்லாது.

நான் சொன்ன வைரஸின் பெயர் பேஜ். பாக்டீரியாவை மட்டும் தாக்கும், மனித செல்லுக்குள் புகாது. 1915-இல் டுவார்ட், 1917-இல் டெரெல் கண்டுபிடித்தார்கள். ஜார்ஜியா நாட்டில் இன்றும் சிகிச்சை தருகிறார்கள். வரலாறு அவ்வளவுதான், வாங்க ஆற்றுக்குப் போவோம்.

அழகர் வைகையில் இறங்குகிறார். கூட்டத்தில் ஒரு பிக்பாக்கெட். ஆன்டிபயாடிக் என்பது தடியடி: திருடனுக்கும் விழும், பானகம் கொடுப்பவருக்கும் விழும். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாதான் அந்தப் பானகக்காரர். பேஜ் மஃப்டி போலீஸ். அதற்குத் தெரிந்தது ஒரே திருடனின் முகம். வேறொருவன் எதிரிலேயே பர்ஸை உருவினாலும் கண்டுகொள்ளாது. பலமும் அதுதான், தலைவலியும் அதுதான். ஒவ்வொரு நோயாளியின் கிருமிக்கும் பொருந்தும் பேஜைத் தேட வேண்டும். அப்புறம் நடப்பதுதான் கூத்து: திருடன் வீட்டுக்குள்ளேயே புகுந்து, அவன் அரிசியிலேயே பொங்கித் தின்று, ஒன்று பலவாகப் பெருகி, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்!

பெரியம்மா இதற்கும் மசியவில்லை. பூஜை அறையில் இருந்த கங்கைச் சொம்பைக் காட்டினேன். 1896-இல் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை நீரில் காலரா கிருமி சீக்கிரம் சாவதாக எழுதினார். காய்ச்சிய நீரில் அது நடக்கவில்லை. பேஜாக இருந்திருக்கலாம் என்று பின்னால் ஊகித்தார்கள்.

"அப்ப தீர்த்தம்னே சொல்லியிருக்கலாம்ல? வைரஸ்னு எவன் பேரு வச்சான்?"

பாதிப் பயம் பெயரில்தான் இருக்கிறது என்பேன். உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்? கமெண்டில் போடுங்கள். ஒன்று, சொம்புத் தண்ணீரைப் புண்ணில் ஊற்றிவிடாதீர்கள், சாமி!

கடைசியாகப் பெரியம்மா கேட்டார்: "திருடன் செத்தப்புறம் ஒம் போலீஸு உள்ளயே குடியேறிருமா?"

பாக்டீரியா இல்லையென்றால் பெருக வழியில்லை, உடம்பே கழித்துவிடும் என்றேன்.

"சரி, டாக்டர் சொல்லட்டும், பாப்போம்." கால் மறுபடி ஸ்டூலுக்கு ஏறியது.