டின் மீன் அக்காவுக்கு விக்கிப்பீடியாவில் இடம் உண்டா?

(திரையில்: சட்டியில் டின் மீன் கறி கொதிக்கிறது)

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டின் மீன் கறி வைத்து வீடியோ போடுகிறார், 2 லட்சம் பேர் பார்க்கிறார்கள். கறிவேப்பிலையைக் கடைசியில் போட்டுவிட்டு, "எங்க ஆயா இருந்தா திட்டும்" என்பார். அதைக் கேட்கவே நான் பார்ப்பேன்.

அவருடைய தம்பி மகன் கேட்கிறான்: "அண்ணா, அத்தைக்கு விக்கிப்பீடியாவுல ஒரு பக்கம் போட்டுத் தாங்களேன்."

கறி ருசியா என்பது அங்கே கேள்வியே இல்லை. பார்வையாளர் எண்ணிக்கையும் உதவாது. அக்காவுக்குச் சம்பந்தமில்லாதவர்கள், நம்பகமான இடத்தில், அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? தமிழ் விக்கிப்பீடியாவில் இதைக் 'குறிப்பிடத்தக்கமை' என்பார்கள். வாயில் நுழைய நேரம் பிடிக்கும் சொல்தான்.

(திரையில்: மேசைமேல் பத்திரிகை நறுக்குகள்)

சரி, பையன் கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்ப்போம். மசாலா கம்பெனி ஒன்றின் தளத்தில் புகழுரை. அவர்கள்தான் அக்காவுக்குப் பணம் கொடுக்கிறார்கள், தள்ளு. 'வார இறுதிக்கு ஐந்து கறி' என்ற துணுக்கில் பெயர் மட்டும் வருகிறது. அதுவும் போதாது.

அப்புறம் அரை மணி நேர ரேடியோ பேட்டி. இதில்தான் நிறைய பேர் ஏமாறுவார்கள். ரேடியோ பெரியதுதான், ஆனால் பேசுவது முழுக்க அக்கா. தன்னைப் பற்றித் தானே சொன்னதை வைத்து ஊர், படிப்பு மாதிரி சின்ன விவரம் எழுதலாம். தகுதியை நிறுவ முடியாது.

கடைசி நறுக்கு, உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு முழுப்பக்கம். நிருபர் வீட்டுக்கே போயிருக்கிறார், அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார், இரண்டு வரி குறையும் சொல்லியிருக்கிறார். இது செல்லும்! ஆங்கிலத்தில் இருந்தாலும், ஜூலுவில் இருந்தாலும், இணையத்தில் ஏறாத பழைய அச்சுப் பிரதியாக இருந்தாலும் செல்லும். இங்கே நம் ஆட்களைப் பற்றிய செய்தி தமிழில் வருவது அபூர்வம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை வைத்து ஒப்பேற்ற முடியாது. புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்; அதே ஆண்டு சந்தாதாரர் 1 கோடியைத் தொட்டார்கள். எண்ணிக்கையை விடுங்கள். அந்தக் குடும்பத்தின் கதையைப் பல பத்திரிகைகள் தனித்தனியாக எழுதின. கட்டுரை எழுத வேண்டிய சரக்கு அதுதான்.

இன்னொன்று, தம்பி மகன் தானே எழுதி ஏற்றுவது சரிப்படாது. உறவை வெளிப்படையாகச் சொல்லி, வரைவாக வைத்து, மற்றவர்கள் பார்த்து முடிவெடுக்க விடலாம்.

ஆக, இன்றைக்குத் தனிப் பக்கம் இல்லை. அந்த முழுப்பக்கச் செய்தியை டர்பன் கறி பற்றிய கட்டுரையில் ஆதாரமாகச் சேர்க்கலாம், அக்கா பெயரோடு ஒரு வரி. இன்னும் இரண்டு மூன்று அப்படி வரட்டும், மறுபடி உட்காருவோம்.

பையன் சொல்கிறான்: "இதை அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணா."

சொல்கிறேன். அவர் கையால், கால் ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றித் தரும் 'பன்னி சௌ' ஒன்று சாப்பிட்டு முடித்த பிறகு.